துடிப்பு குறைஞ்ச மாதிரி இருக்கு, விடிய போனால் காணுமா?

போன இதழில் ஒருவருக்குப் பிள்ளைத் துடிப்பை, அதாவது வயிற்றுக்குள் பிள்ளை அசைவதைப் பற்றி இரண்டே இரண்டு வரி பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதமும் வட்ஸ்அப்புமாகப் பதினொரு கேள்வி வந்து கிடக்கிறது. அதனால் இந்த முறை கால் வீக்கம், நெஞ்செரிவு, திரிபோஷாச் சத்துமாவை எப்படிச் சாப்பிடுவது போன்றதையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகத் திரிந்த பழைய மிட்வைஃப் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

கேள்விகளுக்குப் போக முதல் ஒன்று. இப்போது, இந்த நேரம், துடிப்பு குறைவாக இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வர மூன்று கிழமை எடுக்கும்.

கேள்வி: எனக்கு 34 கிழமை, முதல் பிள்ளை. கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா துடிப்புக் கார்ட் தந்தவ. விடிய 9 மணிக்கு எண்ணத் தொடங்கி, பத்தாவது துடிப்பு வந்த நேரத்துக்கு நேரே புள்ளடி போடச் சொன்னவ. வழமையாகப் பத்தரைக்கு முடிந்துவிடும். முந்தநாள் ஒரு மணி ஆனது, நேற்றுப் பின்னேரம் நாலு மணி. இரவு 9 மணிக்குள் பத்து வந்தால் சரி என்றுதானே சொல்கிறார்கள், அப்படியென்றால் பயமில்லைத்தானே? மாமி சொல்கிறா, பிள்ளை பெருத்துவிட்டது, உள்ளே இடம் காணாது, அதுதான் துடிப்பு குறைவு என்று. (கொக்குவில்)

பதில்: தங்கச்சி, இதை நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பினது நல்லதாய்ப் போயிற்று. வாசித்த கையோடு போன் எடுத்தேன், நீங்களும் அடுப்பில் கிடந்த கறியை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போனீர்கள். பிள்ளையின் இதயம் அடிக்கிறதைக் கடதாசியில் கீறுகிற சி.ரி.ஜி எடுத்து, ஸ்கானும் செய்து, பிள்ளையைச் சுற்றியிருக்கிற தண்ணீர் குறைவு என்று வோட்டில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்றும், பிள்ளை சுகம் என்றும் அன்றிரவே உங்கள் கணவர் சொன்னார். ஆகவே இனி எழுதுவது உங்களுக்கு இல்லை. கார்டைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிற மற்றப் பிள்ளைத்தாச்சிகளுக்கு.

இந்தப் பத்து எண்ணும் கார்ட் 1970களில் பிரித்தானியாவின் கார்டிஃப் நகரத்தில் தொடங்கின முறை. 12 மணித்தியாலத்தில் பத்துத் துடிப்பு வராவிட்டால் கட்டாயம் வா என்பது அதன் கடைசி எல்லை. கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதே, அது மாதிரித்தான். கட்டு இருக்கிறது என்பதற்காக அதன் விளிம்பு வரைக்கும் போய் நின்று எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. அந்தத் தங்கச்சி போட்ட புள்ளடிகளை வரிசையாகப் பாருங்கள்: பத்தரை, பத்தரை, பதினொன்று, பத்தரை, ஒரு மணி, நாலு மணி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டினாலும் கடைசி இரண்டும் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லும். அவவின் பிள்ளைக்கு வழமை ஒன்றரை மணித்தியாலம், அது ஏழு மணித்தியாலமாகிவிட்டது. இன்னொருத்தியின் பிள்ளை எப்போதுமே ஆறுதலான பிள்ளையாக, ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்குத்தான் பத்தை முடிக்கிற பிள்ளையாக இருக்கலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் பிள்ளையை அதன் நேற்றோடும் முந்தநாளோடும் ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு வேண்டாம்.

மாமியின் கதைக்கு வருகிறேன். இடம் காணாது என்ற கதையை நான் கேட்காத வீடு இல்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள். துடிப்பு ஏறக்குறைய 32 கிழமை வரைக்கும் கூடிக்கொண்டு போகும், பிறகு பிரசவம் வரைக்கும் அதே அளவில் நிற்கும். மாறுவது அதன் விதம். ஆறாம் மாதத்தில் பளிச் பளிச்சென்று உதைத்த பிள்ளை ஒன்பதாம் மாதத்தில் உருளும், நெளியும், முதுகை வளைத்து வயிற்றின் ஒரு பக்கத்தைக் கல்லுப் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும், சட்டைக்கு மேலாலேயே தெரியும். விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. தலை இறங்கிவிட்டது, அதனால்தான் ஆடவில்லை என்பதும் அதே ரகம். நோவு தொடங்கின பிறகும் பிள்ளை துடிக்கத்தான் வேண்டும்.

ஏன் குறைகிறது என்று கேட்டால், நச்சுக்கொடி வடிவாக வேலை செய்யாமல் பிள்ளைக்குப் போகிற ஒட்சிசன் குறையும்போது, கிடைக்கிறதை அது மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டுக் கை கால் ஆட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் வீடு முழுக்க இருட்டாக விட்டுவிட்டு ஒரே ஒரு ஜாம்போத்தல் விளக்கைத் திரியை இறக்கி எரித்தோமே, அப்படி. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு வீட்டில் ஆள் இருக்கிற மாதிரித்தான் இருக்கும், ஆனால் எண்ணெய் எத்தனை நாளைக்குக் காணும் என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதனால்தான் சுகர், பிரசர் உள்ளவர்களையும் பிள்ளையின் வளர்ச்சி குறைவு என்று ஸ்கானில் சொல்லப்பட்டவர்களையும் இதில் இன்னும் கவனமாக இருக்கச் சொல்கிறோம்.

சரி, எண்ணுகிறது எப்படி? உதை, இடி, உருளல், நெளிவு எல்லாம் ஒவ்வொன்று. விக்கல் கணக்கில்லை, அது தாளம் போட்ட மாதிரி ஒரே இடத்தில் டக் டக்கென்று வரும், கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். காலையில் வேலைக்குப் போய் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்குப் பாதித் துடிப்பு தெரியாமலே போகும், பிள்ளை ஆடவில்லை என்பதில்லை, உங்கள் கவனம் அங்கே இல்லை. அப்படிச் சந்தேகம் வந்தால் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்து, போனைத் தூரத்தில் வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் அதையே கவனியுங்கள். ஏன் இரண்டு? பிள்ளை உள்ளே நித்திரை கொள்கிறது உண்மைதான், ஆனால் ஒரு நித்திரை 20 முதல் 40 நிமிடம், ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. இரண்டு மணித்தியாலத்தில் பத்து வராவிட்டால் "நித்திரை" என்ற சாட்டு முடிந்துவிட்டது, அன்றே, அந்த நேரமே வெளிக்கிட வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை, அல்லது மனது சரியில்லை என்கிறது என்றால் அந்த இரண்டு மணித்தியாலமும் காத்திருக்க வேண்டாம். ஐஸ் தண்ணீர் குடித்துப் பார், பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்துப் பார், வயிற்றைத் தட்டிப் பார் என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லச் சொல்லப் பொழுதுபட்டுவிடும். அப்படிப் பொழுதுபட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு ஐந்து பிள்ளைகள். ஒன்றையும் எண்ணிப் பெறவில்லை. இப்போது மருமகள் பேப்பரும் பேனையும் வைத்துக்கொண்டு பாதி நாள் படுத்துக் கிடக்கிறாள், போனிலும் ஏதோ ஒன்று எண்ணுகிறதாம். இதெல்லாம் தேவைதானா? சும்மா பிள்ளையைப் பயப்படுத்துகிறீர்கள். (வட்டுக்கோட்டை)

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் கொஞ்சம் கோபம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பிரித்தானியாவிலும் வேறு சில நாடுகளிலும் 68,000 பெண்கள் வரை சேர்த்து, ஒரு பகுதியினரை ஒவ்வொரு நாளும் எண்ணச் சொல்லி ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 1989இல் முடிவு வந்தது. எண்ணினவர்களுக்கும் எண்ணாதவர்களுக்கும் பிள்ளை இறப்பில் வித்தியாசம் காணவில்லை. 2018இல் வந்த இன்னொன்று பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் சேர்ந்தது, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள். துடிப்பைப் பற்றித் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்து, குறைவு என்று வருகிறவர்களை ஒரே ஒழுங்கில் பார்க்கிற திட்டம். அதிலும் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை, சிசேரியனும் மருந்து வைத்து நோவு வரப்பண்ணுவதும்தான் கூடியது.

அப்படியானால் கார்டைக் கிழித்துப் போடலாமா என்று கேட்பீர்கள். நான் மாட்டேன். எண்ணிக்கைக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அந்தப் பெண் பிள்ளையைக் கவனிக்கிறாள், மாற்றம் வந்தால் கையில் காட்ட ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். "துடிப்பு குறைவு போல" என்று வாயால் சொல்கிற பெண்ணை விட, கார்டை நீட்டி "இஞ்ச பாருங்கோ, நேற்று நாலு மணி" என்கிற பெண்ணை வோட்டில் கெதியாகப் பார்ப்பார்கள். இது ஆய்வில் வந்ததில்லை, என் கண்ணால் கண்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நிறைமாதமாக ஒரு பெண் இருந்தா. எழுத வாசிக்கத் தெரியாது, கார்டும் இல்லை. சீலைத் தலைப்பில் பத்துப் புளியங்கொட்டை முடிந்து வைத்திருப்பா. துடிக்கத் துடிக்க ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சிரட்டைக்குள் போடுவா, பத்தும் சிரட்டைக்குப் போனதும் திரும்ப முடிந்துகொள்ளுவா. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன், "அம்மம்மா" என்றா. எங்கள் பழைய ஆட்கள் எண்ணவில்லை என்று யார் சொன்னது? நீங்களும் ஐந்து பிள்ளையின் குணத்தையும் பிறக்க முதலே தெரிந்துதான் வைத்திருந்திருப்பீர்கள், கேட்டால் இப்போதும் மூத்தது எந்நேரம் உதைத்தது என்று சொல்வீர்கள். மருமகள் பாதி நாள் படுத்துக் கிடக்கத் தேவையில்லை என்பதில் மட்டும் நான் உங்கள் பக்கம். வழமை தெரிந்தால் போதும், பிறகு அவ எழும்பி நடமாடட்டும்.

கேள்வி: 21 கிழமை ஆகிறது, ஒரு துடிப்பும் தெரியவில்லை. அக்காவுக்கு நாலரை மாதத்திலேயே தெரிந்ததாம். (சாவகச்சேரி)

பதில்: அக்காவுக்கு அது எத்தனையாவது பிள்ளை என்று கேட்டுப் பாருங்கள். முதல் பிள்ளைக்குப் பிந்தித்தான் தெரியும், மீன் துள்ளினது போல, வாயு ஓடினது போல இருப்பதால் தெரிந்தாலும் விளங்காது. நச்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் இருந்தால் தலையணைக்கு அந்தப் பக்கம் இருந்து தட்டுகிற மாதிரி, இன்னும் பிந்தும். 24 கிழமை ஆகியும் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் போய்ச் சொல்லுங்கள். எண்ணுகிற வேலை இப்போது வேண்டாம், அது கடைசி மூன்று மாதத்துக்குரியது, கார்ட் தரும்போது எப்போது தொடங்குவது என்று மிட்வைஃப் சொல்லுவா.

கேள்வி: மனைவிக்கு 33 கிழமை. லண்டனில் இருக்கிற மச்சாள் வீட்டில் வைத்துக் கேட்கிற டொப்ளர் மெஷின் ஒன்று அனுப்பியிருக்கிறா. ஒவ்வொரு இரவும் கேட்கிறோம், துடிப்பு நல்லாக் கேட்கிறது. அப்படியென்றால் எண்ணத் தேவையில்லைத்தானே? (சுன்னாகம்)

பதில்: தம்பி, பிரச்சினை எங்கள் தமிழிலேயே இருக்கிறது. பிள்ளை அசைவதையும் "துடிப்பு" என்கிறோம், இதயம் அடிப்பதையும் "துடிப்பு" என்கிறோம். ஸ்கான் பண்ணினவர் "துடிப்பு இருக்கு" என்றால் அது இதயம். மிட்வைஃப் "துடிப்பு இருக்கோ" என்று கேட்டால் அது அசைவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வீட்டில் இருந்துவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இரண்டு நாளாக அசைவில்லை, ஆனால் மெஷினில் டக் டக் கேட்டது, அதனால் போகவில்லை. மெஷினில் கேட்டது தாயின் நாடி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

பிள்ளையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை அடிக்கும். பயந்துபோய்ப் படுத்திருக்கிற தாயின் நாடியும் நூறைத் தாண்டும், நச்சுக்கொடியில் இரத்தம் ஓடுகிற சத்தமும் கேட்கும், எது எது என்று பிரிக்கப் பழகினவர்களுக்கே சிலவேளை தடுமாறும். அதோடு, பிள்ளை களைத்துப் போயிருக்கும்போதும் இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அடிக்கிறதா என்பதோடு எப்படி அடிக்கிறது, பிள்ளை அசையும்போது வேகம் ஏறி இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதைத்தான் சி.ரி.ஜியில் பட்டி கட்டி இருபது நிமிடமாவது கடதாசியில் கீறவிட்டுப் பார்க்கிறார்கள். மச்சாளுக்கு நன்றி சொல்லிவிட்டு மெஷினை அலுமாரியில் வையுங்கள். இரவில் உங்கள் கையை மனைவியின் வயிற்றில் வைத்துப் பார்ப்பது அதை விடப் பிரயோசனம்.

கேள்வி: நாங்கள் நெடுந்தீவு. இரவில் துடிப்பு இல்லையென்றால் நாங்கள் என்ன செய்ய? படகு விடியத்தானே.

பதில்: நியாயமான கேள்வி, கரையில் இருக்கிறவர்கள் "உடனே போ" என்று எழுதுவது லேசு. முதலில் தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள், அந்த நேரமே. நேரே இறங்குதுறைக்கு ஓட வேண்டாம், அவசரப் படகை ஆஸ்பத்திரி மூலம் ஒழுங்கு செய்வதுதான் கெதி. படகு வந்து சேர்கிற குறிகட்டுவானில் இறங்கினதும் வாகனம் நிற்கிற மாதிரி முன்கூட்டியே சொல்லி வையுங்கள், 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸுக்குக் காசில்லை, வடக்கில் 2018இல் இருந்து ஓடுகிறது. ஆனால் என் உண்மையான பதில் வேறு: கடைசிக் கிழமைகளில் தீவில் இருக்காதீர்கள். ஊரில் பெரியம்மாவோ சித்தியோ, யார் வீடானாலும், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட வந்துவிடுங்கள். எப்போது வருவது என்பதை உங்கள் கிளினிக்கில் கேட்டு முடிவெடுங்கள், சுகரோ பிரசரோ இருந்தால் முந்தி வரச் சொல்வார்கள். மனுசரின் வீட்டில் போய் நிற்க ஒரு மாதிரி இருக்கும்தான். நிற்கத்தான் வேண்டும்.

கேள்வி: 36 கிழமை. துடிப்பு குறைவு என்று ஏற்கெனவே ஒரு முறை போனேன், எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். போன கிழமை திரும்பவும் போனபோது அங்கே நின்ற ஒருவர், "சும்மா சும்மா வாறீர், இஞ்ச வேறை வேலை இல்லையோ" என்று எல்லாருக்கும் முன்னால் ஏசிவிட்டா. இப்போது திரும்பவும் குறைந்தால் போக வெட்கமாக இருக்கிறது. (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: ஏசினவ பிழை. நானும் அந்த உடுப்புப் போட்டிருந்தவள்தான், நாற்பது பேருக்கு இரண்டு பேர் நிற்கிற இரவில் வாய் எப்படிப் போகும் என்று தெரியும், எனக்கும் போயிருக்கிறது, அதை நினைத்து இப்போதும் நித்திரை வராத இரவு உண்டு. ஆனாலும் பிழை பிழைதான்.

ஒரு முறை துடிப்பு குறைந்தது என்று வருகிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்குக் கர்ப்பம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிகிறது என்று பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் வழிகாட்டியே சொல்கிறது. ஒன்றுமில்லை என்று திரும்பி வருவதுதான் வழமை, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் திரும்பத் திரும்பக் குறைகிறது என்றால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. மூன்றாம் முறை வருகிறவரை முதல் முறை வந்தவரை விட வடிவாகப் பார்க்க வேண்டும், பிள்ளையின் வளர்ச்சி, தண்ணீர், கொடியில் இரத்த ஓட்டம் எல்லாவற்றையும் ஸ்கானில் திரும்ப. போன முறை எடுத்த சி.ரி.ஜி அன்றைக்குரிய சங்கதி, இன்றைக்கு அது செல்லாது.

போனதும் வாசலில் என்ன சொல்வது என்று பழகிக்கொண்டு போங்கள். "வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று தொடங்கினால் வாங்கில் இருத்திவிடுவார்கள். "36 கிழமை, நேற்று மத்தியானத்திலிருந்து துடிப்பு குறைவு, இது மூன்றாம் முறை" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். இரத்தம் படுவது, பன்னீர்க்குடம் உடைந்த மாதிரித் தண்ணீர் போவது, கடும் தலையிடி, கண் மங்கல் இதில் எதுவும் சேர்ந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பிள்ளையின் நுரையீரலுக்கென்று உங்களுக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது போட்டு ஒன்றிரண்டு நாள் துடிப்பு குறையலாம், ஆனால் ஊசியால்தானா என்பதை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கூட வருகிறவர் கதைக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது, உங்கள் மனுசன் வாயில்லாத ஆளென்றால் மச்சாளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிளினிக் கார்டையும் துடிப்புக் கார்டையும் இரவில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். மறந்துவிட்டுப் போனால் அதற்கு வேறு ஏச்சு விழும்.